மாசிக்கு வைத்த தண்ணீர்

குசினிக்குள் பூனை தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டதும், நோன்புக் களைப்பில் கண்ணயர்ந்திருந்த மஹ்மூதாவுக்கு மனது ஆறியது. அப்பாடா, காலையிலிருந்து இப்போதுதான் வாய் வைக்கிறான். "குடி, மகன், குடி. ஒனக்குத்தான் வச்சிருக்கு, எல்லாத்தையும் குடி" என்று மண்டபத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தம் கொடுத்தாள். நாக்கு தண்ணீரில் படுகிற சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகத் தொடங்கியது. அப்போதுதான் தன் மடி சூடாக இருப்பது அவளுக்கு உறைத்தது. குனிந்து பார்த்தாள். மாசி அவள் மடியில்தான் கிடந்தான், முதுகுத் தோலுக்குள் சேலைன் ஊசி ஏறியபடி.

ஊசியைக் கழற்றி, அவனைப் பாயில் கிடத்திவிட்டுக் குசினிக்குப் போனாள். பின்கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஜன்னலுக்கு இரும்புவலை. தரை காய்ந்திருந்தது, கோப்பையும் காய்ந்திருந்தது. அரைமணி நேரத்துக்கு முன்னால் விளிம்புவரை ஊற்றி வைத்த கோப்பை. நோன்பு வெயிலில் தலை சுற்றியிருக்கும், ஊற்ற மறந்திருப்பேன் என்று தன்னையே ஏசிக்கொண்டு மறுபடியும் நிரப்பினாள்.

மாசிக்குப் பதினேழு வயது. மகள் றுமைஸா பள்ளிக்கூடம் போகிற நாளில் நுரைச்சோலைச் சந்தையிலிருந்து புத்தகப் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த குட்டி. வந்த அன்றைக்கே அலுமாரிக்கு மேலிருந்த மாசிக் கருவாட்டைக் களவெடுத்துத் தின்று பெயர் வாங்கியவன். இப்போது வாயில் பல் நாலே நாலு. ஒரு கண்ணில் பால் படர்ந்துவிட்டது, காது மந்தம். நகம் வளைந்து பாதத்துக்குள் குத்தாமல் மஹ்மூதாதான் வெட்டிவிடுவாள். இத்தனையும் போதாதென்று கிட்னியும் போய்விட்டது. பாலாவியிலிருந்து வந்த மாட்டு டொக்டர் தோலுக்குக் கீழே சேலைன் ஏற்றக் காட்டிக்கொடுத்தார். "தண்ணி மட்டும் எந்த நேரமும் தொறந்து கிடக்கோணும். ராவு பகல் எண்டு பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னது பூனைக்குச் சரி. ஆனால் பொழுது பட்டு மஃரிபுக்குப் பாங்கு சொன்னால் அந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் தண்ணீர் திறந்து கிடக்காது. பிஸ்மில்லாஹ் சொல்லி மூடியதை ஷைத்தானோ ஜின்னோ திறக்காது என்று எல்லாவற்றையும் மூடுவார்கள். மூடி இல்லாவிட்டால் ஒரு ஈர்க்குச்சியையாவது குறுக்கே வைப்பார்கள். மஹ்மூதாவும் ஐம்பத்துநாலு வயதுவரை ஒருநாள் தவறியதில்லை. மாசியின் கோப்பையை மட்டும் ஒன்றரை மாதமாகத் திறந்தே வைத்திருந்தாள்.

வேறென்ன செய்வாள்? குவைத்தில் ஒரு வீட்டில் ஆறு வருஷமாகச் சமைத்துக்கொண்டிருந்த றுமைஸா வியாழக்கிழமை வருகிறாள். "உம்மா, எனக்கு ஒண்டும் செஞ்சு வைக்க வேணாம். நான் வாறவரைக்கும் மாசிய உசிரோட வச்சிருங்க, அது போதும்" என்று போனில் அழுதாள். ஆறு வருஷத்தில் பிள்ளை தாயிடம் கேட்ட ஒரே ஒரு விஷயம். இன்றைக்குத் திங்கள். மூன்று நாள் இந்த உயிரைப் பிடித்து வைத்துவிட்டால் போதும்.

புருஷன் உசனார் வீட்டில் இல்லை. வள்ளத்துக்கு மண்ணெண்ணெய் வாங்கப் புத்தளத்தில் கேனோடு இரவு பகலாக வரிசையில் நிற்கிறார். நாடே வரிசையில் நின்ற வருஷம் அது. "கரண்டு ஆக்குற எடத்துக்குப் பக்கத்துல குப்பிலாம்போட கிடக்கிறம், நம்மட அதிர்ஷ்டத்தப் பாத்தியா" என்று சிரித்துவிட்டுத்தான் போனார். சிரிக்கத் தெரிந்த மனுஷன். அவர் பக்கத்தில் இருந்திருந்தால் தனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது என்று மஹ்மூதா நினைத்தாள்.

செவ்வாய்க்கிழமை கோப்பையை ஏழு முறை நிரப்பினாள். மாசி இரண்டு முறைதான் குடித்தான். பின்னேரம் மூலையில் வைத்த வாளி வெறுமையாக இருந்தது. அசர் தொழுதுவிட்டுக் குடத்தைத் தூக்கினால் குடம் கையோடு லேசாக வந்தது, அவள் பின்பக்கமாகச் சாய்ந்து விழப் பார்த்தாள். குசினியில் ஒரு வாடை; உப்பளத்தில் தண்ணீர் வற்றிய பிறகு அடிச்சேறு வெயிலில் வேகும்போது வருகிற வாடை. மாசி அரிசிப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்தைப் பார்த்தபடி முதுகை வளைத்து, அடிவயிற்றிலிருந்து நீளமாகக் கத்தினான். அந்தச் சந்துக்குள் ஒன்றுமில்லை. விளக்கைக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டாள், ஒன்றுமே இல்லை.

டொக்டருக்குப் போன் எடுத்தாள். "வயசான பூனையள் அப்பிடித்தான், சுவரப் பாத்துக் கத்தும். மூளையும் கிழடாகுதுதானே. பெற்றோல் கிடைச்சா வந்து பாக்குறன்" என்றார். கேட்க ஆறுதலாகத்தான் இருந்தது.

அன்று நோன்பு திறந்த கையோடு பக்கத்து வீட்டு ஹவ்வா உம்மா கஞ்சி கொண்டுவந்தாள். குசினி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏன்டி புள்ள, மஃரிபுக்குப் பொறகு தண்ணியத் தொறந்து போட்டிருக்காய்?"

"மாசிக்கு, ராத்தா."

"பூனைக்குப் பாவம் பாக்கப்போய் ஊட்டுக்குள்ள என்னத்தடி கூப்பிட்டு வச்சிருக்காய்?"

மஹ்மூதா சிரிக்கப் பார்த்தாள். "நோன்பு மாசம், ராத்தா. ஷைத்தானெல்லாம் வெலங்குல கிடக்குற மாசம்."

ஹவ்வா உம்மா சிரிக்கவில்லை. "கட்டிப்போட்டது ஷைத்தான. மத்ததுகள ஆரு கட்டினா?" என்றாள். கஞ்சிக் கோப்பையை வாசற்படியில் வைத்துவிட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போனாள்.

புதன்கிழமை சேலைன் பை இரண்டும் சப்பையாகக் கிடந்தன. அலுமாரிக்குள் பூட்டி வைத்தவை. பிளாஸ்டிக்கில் நாலு சின்னத் துளைகள், மேலே இரண்டு, கீழே இரண்டு. மாசியின் தோலைக் கிள்ளி விட்டாள். கிள்ளியது கிள்ளியபடியே நின்றது. கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. அவளுக்கு அழுகை வந்தது, அழுகையோடு ஆத்திரமும் வந்தது. நாளைக்குப் பிள்ளை வருகிறாள், இன்றைக்கா சாகப் பார்க்கிறாய்? கோப்பையைக் கையில் பிடித்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினாள். அவன் விழுங்குகிற ஒவ்வொரு முறையும், அவளுக்குப் பின்னால், வேறு ஏதோ ஒன்றும் விழுங்கியது.

இனிச் சரிவராது. மஃரிபுக்குக் கால்மணி நேரம் இருக்க, மஹ்மூதா முந்தானையை இழுத்துச் செருகினாள். குடம், வாளி, கஞ்சிச் சட்டி, மாசியின் கோப்பை, ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் பிஸ்மில்லாஹ் சொல்லி மூடினாள். பிஸ்மில்லாஹ் சொல்லிப் பின்கதவைச் சாத்தினாள், ஜன்னல்களைச் சாத்தினாள், முன்கதவைத் தாழிட்டாள். பாங்கு சொன்னது. ஒரு பேரீச்சம்பழமும் ஒரு மிடறு தண்ணீருமாக நோன்பு திறந்து, மாசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கரண்டு போனது. வழக்கமான நேரம்தான்.

வீடு அமைதியாக இருந்தது. இந்த மூன்று நாளில் இல்லாத அமைதி. அல்லாஹ் காப்பாத்திட்டான் என்று அவள் மூச்சு விட்டாள், விட்ட மூச்சு பாதியிலேயே நின்றது. பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாத்திய கதவை வெளியே இருப்பது திறக்காது. உள்ளே இருப்பதும் திறக்காதே.

குடத்தின் மூடி அசைந்தது.

பிறகு வாளியின் மூடி. பிறகு சட்டி. ஒவ்வொன்றாக, வரிசையாக, பொறுமையாக. ஒன்றும் திறபடவில்லை. கடைசியாக மாசியின் கோப்பைக்கு மேல் வைத்த தட்டு ஒருமுறை சுற்றி, நின்றது. அந்த வாடை மண்டபத்துக்கு வந்தது. சீமெந்துத் தரையில் நகம் உரசுகிற சத்தம், நெருங்கி, நின்று, நெருங்கி. மாசி சீறினான். ஒரு வருஷமாகச் சீறுவதற்குத் திராணி இல்லாதவன்.

மடி வெறுமையானது.

இழுத்த வேகத்தில் அவன் நகங்கள் அவள் தொடையைக் கிழித்துக்கொண்டு போயின. கதறினான். பிள்ளை கதறுகிற மாதிரியே இருந்தது. எதிலோ மோதினான், சுவரில், கதிரையில், மறுபடி சுவரில். வெதுவெதுப்பாக ஏதோ அவள் முகத்தில் தெறித்தது. பிறகு, இருட்டுக்குள், அந்தச் சத்தம். ளக். ளக். ளக்.

கதவு மூலையில் உலக்கை. எட்டி எடுத்தாள். "உடுடா! உடுடா அவன!" சத்தம் வந்த இடத்தில் ஓங்கிப் போட்டாள். தரை. மறுபடி போட்டாள். மெத்தென்று எதிலோ பட்டது. எலும்பு நொறுங்கியது. வீறிட்ட சத்தம் ஒன்று, பாதியில் அறுந்தது. அவள் நிறுத்தவில்லை. மூன்று. நாலு. ஐந்து. கை வழுக்கியது. ஆறு. அந்த நக்குகிற சத்தம் ஓயும்வரை போட்டாள்.

போன் வெளிச்சத்தைப் பிடித்தாள்.

உலக்கைக்குக் கீழே மாசி கிடந்தான். அவன் மட்டும்தான். தலை இருந்த இடத்தில் ஒரு காது மட்டும் முழுசாக இருந்தது. அவள் கொடுத்த அடி ஒவ்வொன்றும் அவன் உடம்பில் தெரிந்தது. நான்தான். என்ட கையால. பதினேழு வருஷம் வளர்த்து, மூன்று நாள் காப்பாற்ற முடியாமல், அடித்தே கொன்றுவிட்டேன். காவலுக்கு ஓதுகிற குர்ஸி ஆயத்தை ஓத வாயைத் திறந்தாள்.

திறந்த வாய்க்குள் நாக்கு ஒன்று நுழைந்தது.

சொரசொரப்பு. தேங்காய்த் துருவலகின் பல் மாதிரி. நாக்கின் அடியை நக்கியது. ஈறுகளை. அண்ணத்தை. தோல் உரிந்து வந்தது. தொண்டைக்குள் இறங்கியது, இன்னும் இறங்கியது. கடிக்கப் பார்த்தாள். கடிக்க ஒன்றுமில்லை. கையால் பிடுங்கப் பார்த்தாள். பிடிக்க ஒன்றுமில்லை. விழுந்தாள்.

சுபஹுப் பாங்கில் கண் திறந்தது. வாய்க்குள் காய்ந்த கருவாடு கிடப்பதுபோல் நாக்கு. "யா அல்லாஹ்" என்றாள், காற்று மட்டும் வந்தது. உசனாருக்கு எடுக்கலாமென்று பார்த்தால் போன் செத்துக் கிடந்தது. எடுத்தாலும் எதைக்கொண்டு பேசுவாள்? மாசியை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றினாள். வெளிச்சம் வந்ததும், இரவு முழுக்க அடைத்துக் கிடந்த பின்கதவைத் திறந்துபோட்டு, தேசிமரத்தடியில் குழி வெட்டிப் புதைத்தாள். வயசாகி மௌத்தாகிட்டான் மகள் என்று எழுதியாவது காட்டிவிடலாம், உலக்கையை மட்டும் முதலில் கழுவிவிட வேண்டும் என்று அதைக் கிணற்றடிக்குத் தூக்கிப் போனாள். அப்போது முன்பக்கம் வேன் ஹோர்ன் அடித்தது.

"உம்மா! நான் வந்திட்டன்! இஞ்ச பாருங்க இவன! என்ன செஞ்சீங்க, குட்டி மாதிரி ஆயிட்டானே!"

மஹ்மூதா வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். வேனை ஓட்டி வந்த ஹவ்வா உம்மாவின் மகன் ஜௌபர் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தான். கேற்றடியில் றுமைஸா. அவள் தோளில் மாசி. மயிர் பளபளக்க, இரண்டு கண்ணும் தெளிய, அவள் கழுத்துக்குள் முகம் புதைத்துக் கிடந்தது அது.

மஹ்மூதா கத்தினாள். சத்தம் வரவில்லை. உலக்கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தாள்.

ஜௌபர்தான் முதலில் கண்டான். பெட்டியைப் போட்டுவிட்டு வந்து பின்னாலிருந்து அவளை இறுக்கிப் பிடித்தான். ஹவ்வா உம்மா ஓடிவந்து உலக்கை ஓங்கிய கையைப் பிடித்தாள். "அடியே, ஒனக்கென்ன பைத்தியமா! ஆறு வருஷம் கழிச்சு வந்த புள்ளைக்கு உலக்கைய ஓங்குறாய்!"

அவள் உதறினாள். உதைத்தாள். ஜௌபரின் கையைக் கடித்தாள். அவன் விடவில்லை. இருவரும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், றுமைஸாவை யாரும் பார்க்கவில்லை.

றுமைஸாவின் சிரிப்பு நின்றிருந்தது. கன்னம் இரண்டும் உள்ளே போயின. உதடு வெடித்துப் பல்லைவிட்டு விலகியது. உள்ளே போன கண்கள் உம்மாவையே பார்த்தன, பிள்ளை எதையோ கேட்கப் பார்ப்பது மஹ்மூதாவுக்குத் தெரிந்தது. அப்போதும் அவள் கை பூனையின் முதுகைத் தடவிக்கொண்டுதான் இருந்தது. குவைத்தில் வாங்கிய தங்கக் காப்புகள் ஒவ்வொன்றாக மணிக்கட்டைத் தாண்டி, விரல்களைத் தாண்டிக் கழன்று கல்லில் விழுந்தன. ஒன்று. இரண்டு. மூன்று.