பிஸ்கட் டப்பா மூடியில் இருந்த கோட்டை

வேங்கிக்கால் சுருதியிடம் அந்தக் கப்பல் பயணத்தைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் போச்சு! ஜெர்மனி, ரைன் நதி, கப்பலில் கொடுத்த வெண்ணெய் என்று பேசிக்கொண்டே போவாள். ஆனால் எங்கே ஆரம்பித்தாலும், கனகமாலா அத்தையோடு ஊர் சுற்றிய மூன்றாம் நாளில்தான் வந்து நிற்பாள். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் இறங்கிவிடும். அந்த நாள் திரும்பவும் வராதா என்று அவளுக்கு ஏக்கமாக இருக்கும்.

கனகமாலா அத்தை, சுருதியின் அப்பா அஜிதனுக்கு அக்கா. திருவண்ணாமலையில் அவர் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா உண்டு. அதன் மூடியில் ஒரு படம். ஆற்றங்கரை மலைமேல் ஒரு கோட்டை, தகதகவென்று தங்க நிறத்தில் இருக்கும்.

தர்மசந்திரன் மாமா உயிரோடு இருந்தவரை, "கனகா, ஒரு நாள் நாம ரெண்டு பேரும் இங்க போறோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மாமா காலமாகி இரண்டு வருடம் ஆகிவிட்டது. அதனால்தான் அப்பா, "நான் கூட்டிட்டுப் போறேன்க்கா" என்று கிளம்பினார்.

மூன்றாம் நாள் மாலை கப்பல் கரையில் நின்றது. பயணிகளைப் பேருந்தில் ஏற்றி, அந்தக் கோட்டை இருந்த ஊருக்குக் கூட்டிப்போனார்கள். ஆற்றுப் பாலத்தில் நின்று அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

கோட்டை இருந்தது. ஆனால் வெறும் சாம்பல் நிறக் கல்!

"இதுவா?" என்றார் அத்தை. "நல்லாத்தான் இருக்குது. டப்பாவுல சாயம் ஜாஸ்தி அடிச்சிட்டாங்க போல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண்ணாடியைக் கழற்றி மூன்று முறை துடைத்தார். சுருதிக்கு மனசு கேட்கவில்லை. வழிகாட்டி மார்த்தாவிடம் ஓடிப்போய், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள்.

"தங்க நிறமா? அதற்கு எட்டு மணி தாண்ட வேண்டும். சாயங்கால வெயில் நேராக அந்தச் சுவரில் விழும். இருந்து பாருங்கள். ஆறு மணிக்கு ஒரு பேருந்து கப்பலுக்குப் போகிறது, எட்டரைக்கு இன்னொன்று இருக்கிறது" என்றார் மார்த்தா.

சுருதி துள்ளிக்கொண்டு வந்து சொன்னாள். அத்தையின் முகம் மலர்ந்தது. உடனே வாடியும் போனது.

"எட்டு மணியா? ஆகாதும்மா. 6.40க்குள்ள நான் சாப்பிட்டாகணும்."

சுருதியின் வீட்டார் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் அத்தை ஒரு வாய் சாப்பிட மாட்டார். இதற்காகவே ஊரில் பஞ்சாங்கத்தைப் பார்த்து, பயண நாள் ஒவ்வொன்றுக்கும் சூரியன் மறையும் நேரத்தை ஒரு சீட்டில் எழுதி எடுத்து வந்திருந்தார். முதல் இரண்டு நாளும் ஒரே மழை, மேகமூட்டம். சீட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். பயண அலுப்பில், திரையை இழுத்து மூடிவிட்டு ஏழு மணிக்கே தூங்கிப்போனார்கள்.

"இங்கயே ஏதாவது வாங்கி முதல்லயே சாப்பிட்டுடலாமேக்கா?" என்றார் அப்பா.

"வேணாம்டா. எதுல முட்டை இருக்கும், எதுல இல்லைன்னு யாருக்குத் தெரியும்? கப்பல்லன்னா நமக்குன்னு தனியா செஞ்சு தராங்க. கோட்டையைத்தான் பார்த்துட்டோமே, கிளம்பலாம்."

ஆறு மணிப் பேருந்து வந்து நின்றது. அத்தை குடையைப் பிடித்துக்கொண்டு அதை நோக்கி நடந்தார். சுருதிக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்து இப்படியா?

அப்போதுதான் அவள் அந்தக் குடையைப் பார்த்தாள்.

"அத்தை, நில்லுங்க! எதுக்குக் குடை பிடிச்சிருக்கீங்க?"

"என்னடி கேள்வி இது? வெயில் மண்டையைப் பொளக்குதே!"

"இன்னும் நாப்பது நிமிஷத்துல சூரியன் மறையணுமே. அதுக்கு இப்படியா வெயில் அடிக்கும்?"

அத்தை குடையை விலக்கி வானத்தைப் பார்த்தார். சூரியன் நல்ல உயரத்தில் இருந்தது. கையிலிருந்த சீட்டைப் பார்த்தார். மறுபடியும் வானத்தைப் பார்த்தார்.

"சீட்டுல 6.40னு…"

"அது நம்ம ஊரு சூரியனோட நேரம் அத்தை!"

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். மார்த்தாவிடம் கேட்டால், இங்கே கோடைக்காலத்தில் சூரியன் மறைய ஒன்பதரை ஆகும் என்றார்.

"அடேயப்பா! ஒன்பதரை வரைக்கும் பகலா? அப்ப ரெண்டு நாளா நட்ட நடுப் பகல்லயா தூங்கியிருக்கோம்?"

அத்தை பாலத்திலேயே நின்று சிரிக்க ஆரம்பித்தார். ஆறு மணிப் பேருந்து அவர்களை விட்டுவிட்டுப் போனது.

மூவரும் பாலத்தில் இருந்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நேரம் போனதே தெரியவில்லை. அத்தை மாமாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

"பிஸ்கட் தீர்ந்ததும் அந்த டப்பாவுல நான் பொத்தான், ஊசியெல்லாம் போட்டு வச்சேன். உங்க மாமாவுக்கு வந்துச்சு பாரு கோவம்! கோட்டைக்குள்ள ஊசியைக் கொட்டி வச்சா ராஜா எங்க உக்காருவாருன்னு கேட்டாரு."

சுருதி விழுந்து விழுந்து சிரித்தாள். மாமா இப்போது இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மணி எட்டைத் தாண்டியது. வெயில் சாய்ந்து, ஆற்றைக் கடந்து, மெல்ல மலைமேல் ஏறியது. முதலில் கோட்டையின் ஒரு சுவர் மஞ்சளானது. அப்புறம் ஒரு கோபுரம். பிறகு கோட்டை முழுவதும் தகதகவென்று மின்னியது. சுருதியும் அப்பாவும் எழுந்து பாலத்தின் கைப்பிடிச் சுவர் அருகே போய் நின்று பார்த்தார்கள்.

 அத்தைக்குக் கண்ணீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை. பெஞ்சில் சற்றே நகர்ந்து, தன் வலப்பக்கம் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டார்.

"பாருங்க," என்றார் மெதுவாக. "வந்துட்டோம்."

திரும்பி ஓடிவந்து அந்த இடத்தில் உட்காரப் போன சுருதி, சட்டென்று நின்றாள். பிறகு பெஞ்சைச் சுற்றிக்கொண்டு வந்து, அத்தையின் இடப்பக்கம் ஒட்டி உட்கார்ந்தாள். பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.