கடைசி வடைக் கேள்வி

தேவதர்ஷனின் ஐம்பதாவது பிறந்தநாளை எப்படிக் கொண்டாடுவது என்று முடிவாக நாலு விநாடி ஆயிற்று. பதிலிகளுக்கு அது அதிக நேரம். கல்யாணப் பேச்சே இரண்டு விநாடியில் முடிந்துவிடுகிற காலம்.

பதிலி என்பது காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிற, புளியங்கொட்டை அளவிலான ஒரு பொருள். உங்களைப் போலவே யோசித்து, உங்கள் குரலிலேயே மற்றவர்களின் பதிலிகளோடு பேசி, முடிவை மட்டும் உங்கள் காதில் போடும். அது வருவதற்கு முன்னால் ஆறு நண்பர்கள் சேர்ந்து சாப்பிடப் போவதென்றால், கைப்பேசிக் குழுவில் ஒரு மாதம் ‘எங்கன்னாலும் ஓகே’ என்று எழுதிக்கொண்டிருப்பார்கள். கடைசி நாளில் இரண்டு பேர் கோபித்துக்கொள்வார்கள். இப்போது அதெல்லாம் இல்லை.

ஆறு பேரும் முப்பது வருடத்துக்கு முன்னால் தாம்பரத்தில் ஒரே அறையில் குடியிருந்தவர்கள். திட்டம் இப்படி வந்திருந்தது: ஆறரைக்கு அடையாறு மொட்டைமாடி மதுக்கூடத்தில் வேப்பம்பூ காக்டெயில். ஏழரைக்கு மயிலாப்பூரில் ரோஸ்மில்க். எட்டே முக்காலுக்குப் பாரிமுனையில் பர்மா நூடுல்ஸான அத்தோ. சச்சரவு எண்: பூஜ்யம்.

புதுச் சட்டை போட்டுக்கொண்டு தர்ஷன் கேட்டார், “வண்டி எத்தனை மணிக்கு வரும்?”

“வண்டி கிளம்பிவிட்டது. நீங்கள் அதில் இல்லை” என்றது பதிலி, அவர் குரலிலேயே.

“என்னது?”

“மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு குழுவுக்கு ஒரு வண்டிதான் என்பது மாநகராட்சி விதி. வண்டியில் ஐந்து இருக்கை. நீங்கள் ஆறு பேர். ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. விட்டுக்கொடுத்தேன்.”

“என் பொறந்தநாள்டா அது!”

“தெரியும். காலையில் முதல் வாழ்த்தே நான்தான் சொன்னேன்.”

“வேற யாருமே விட்டுக்கொடுக்கலையா?”

“அதைச் சொல்வதற்கில்லை. சொல்லிக்காட்டினால் அது விட்டுக்கொடுத்ததாகாது. நீங்களே குறித்ததுதான், கேள்வி நூற்று எண்பது.”

பத்து வருடத்துக்கு முன் பதிலி வாங்கியபோது முந்நூற்றுப் பன்னிரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. மனைவி வர்ஷினி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தேழாவது கேள்வி: ‘தட்டில் ஒரே ஒரு வடை மீதி. உங்களுக்குப் பசி. அருகில் நண்பர். வடை யாருக்கு?’ தர்ஷன் ‘நண்பருக்கு’ என்று குறித்தார். உண்மையில் அவர், தாம்பரம் அறையில், கடைசி வடையை எடுத்து ஒரு நக்கு நக்கிவிட்டுத் தட்டில் திரும்ப வைத்து உரிமை கொண்டாடுகிற ரகம்.

அவர் மட்டுமல்ல. நாடு முழுக்க ஒருவர்கூட ‘எனக்கு’ என்று குறிக்கவில்லையாம். அப்படியானால் இத்தனை வடைகளும் எங்கேதான் போயின என்று பதிலி நிறுவனத்துக்குக் கேட்கத் தோன்றவில்லை.

காக்டெயில் போனது அவருக்குக் கவலையில்லை. அந்த ஆறு பேரில் ஒருவனான முஹ்சின்தான் கவலை. அவன் ஞாயிற்றுக்கிழமை டொரண்டோவுக்கு, மகள் வீட்டோடு இருக்க, ஒரேயடியாகப் போகிறான். செய்தி வந்த அன்று தர்ஷனின் பதிலி அரை விநாடியில் ‘ரொம்ப சந்தோஷம்டா, நல்லபடியா போய்ட்டு வா’ என்று ஒரு பூங்கொத்தோடு அனுப்பிவிட்டது. நண்பர்கள் நேரில் பார்த்தே மூன்று வருடமாகிறது. சண்டையெல்லாம் இல்லை. பதிலிகள் தினமும் பேசிக்கொள்வதால் இவர்கள் பேச ஒன்றும் மிச்சமில்லை. இன்று இரவு அவன் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று மட்டும் தர்ஷன் நினைத்திருந்தார். என்ன பேசுவதென்று யோசிக்கவில்லை.

ஏழரை மணிக்கு, புதுச் சட்டையோடு சோபாவில் உட்கார்ந்திருந்தவரை வர்ஷினி பார்த்தாள்.

“போகலையா நீ?”

“வண்டியில எடம் இல்லையாம்.”

“பொறந்தநாள் உன்னுது, சாப்பாடு அவங்களுக்கா? ட்ரெயின் புடிச்சுப் போ. அத்தோ கடைக்கு நேராப் போனா புடிச்சிரலாம்.”

“கூப்பிடாத எடத்துக்குப் போற மாதிரி இருக்கு. என்ன நினைப்பாங்க?”

“சும்மா இந்தப் பக்கம் வந்தேன்னு சொல்லு. பொய்யே சொல்லத் தெரியாதவன் மாதிரி பேசாத தர்ஷா. முன்னூத்திப் பன்னெண்டு கேள்விக்கும் பக்கத்துல உக்காந்து பார்த்தவ நான்.”

கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கி, அத்தோ கடையை நெருங்கும்போது எட்டு நாற்பது. கடைக்குப் பக்கத்திலிருந்த மின்சாரப் பெட்டிக்குப் பின்னால் ஒரு வழுக்கைத் தலை ஒளிந்துகொண்டிருந்தது.

“முஹ்சின்?”

“டேய்... நீ எங்கடா இங்க?”

“சும்மா. இந்தப் பக்கம் ஒரு வேலை.”

“எனக்கும்டா. சின்ன வேலை.”

இருவரும் கொஞ்ச நேரம் மின்சாரப் பெட்டியைப் பார்த்தார்கள். முதலில் முஹ்சின்தான் கேட்டார், “நீ ஏன்டா வண்டியில இல்ல?”

“நீ ஏன் இல்ல?”

பதில் வருவதற்குள் வண்டி வந்துவிட்டது. சரியாக எட்டே முக்கால். கதவுகள் திறந்தன. உள்ளே வண்ண விளக்கு, காகிதத் தோரணம், ஐந்து இருக்கை. ஆள் ஒருவர்கூட இல்லை. “இனிய ஐம்பதாவது பிறந்தநாள் வாழ்த்துகள், தர்ஷன்!” என்று வண்டி காலி இருக்கைகளைப் பார்த்துச் சொன்னது.

கடைக்காரர் செல்லையா பழகிய கையோடு ஐந்து தட்டுகளை உள்ளே வைத்தார். கதவு சாத்திக்கொண்டது. வண்டி கிளம்பிப் போயிற்று.

“இந்த வாரத்துல இது நாலாவது சார்” என்றார் செல்லையா. “நல்ல மனுசங்க வண்டி. அதுல யாருமே இருக்க மாட்டாங்க.”

தர்ஷனுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. இருக்கை ஒன்று குறைகிறது என்றதும் ஆறு பதிலிகளும் ஒரே கணத்தில் ‘நீங்க போங்க, நான் அப்புறம் வரேன்’ என்றிருக்கின்றன. யார் விட்டுக்கொடுத்தது என்பது ரகசியம். சண்டை போட ஆளே இல்லாததால் சச்சரவு எண் பூஜ்யம். இந்நேரம் மற்ற நாலு பேரும் நாலு வீட்டில், புதுச் சட்டையோடு சோபாவில் இருப்பார்கள்.

“அத்தோவையாவது சாப்பிடுவோம், வா. நீதான் கேட்டிருப்ப” என்றார் தர்ஷன்.

“நானா? உனக்குப் புடிக்கும்னு என் பதிலி கேட்டிருக்கும். எனக்கு அந்த நூடுல்ஸ் என்னைக்குடா எறங்குச்சு?”

“எனக்கு மட்டும் எறங்குச்சா? நீ ஆசையா சாப்பிடுறியேன்னு வந்தேன்.”

“ஆசையா? நீ தப்பா நினைக்கக் கூடாதுன்னு முழுங்கினேன்!”

தாம்பரத்து நாட்களில் வாரம் ஒரு முறை என்று கணக்குப் போட்டால் இருநூறு தட்டாவது இருக்கும். முஹ்சின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அப்ப இங்க உனக்கு எதுதான்டா புடிக்கும்?”

“மசாலா முட்டை.”

“எனக்கும்.”

“ஒண்ணுதான் இருக்கு. மத்ததெல்லாம் வண்டிக்குப் போயிருச்சு” என்று செல்லையா முட்டையைத் தட்டில் வைத்து நடுவில் தள்ளினார்.

பதிலி காதில் கிசுகிசுத்தது: “நண்பருக்குக் கொடுத்துவிட்டேன்.” எதிரே முஹ்சின் காதைத் தடவிக்கொண்டதைப் பார்த்தால் அங்கும் அதே செய்திதான். செல்லையா தன் திரையைப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேருமே வேணாம்னுட்டீங்க. குப்பையில போட்ரவா?” என்றார்.

தர்ஷன் முட்டையை எடுத்தார். ஒரு நக்கு நக்கினார். தட்டில் திரும்ப வைத்தார்.

“இது உங்கள் இயல்புக்கு மாறானது” என்றது பதிலி. “சச்சரவு எண் முப்பத்தொன்று. உங்கள் சார்பில் மன்னிப்புக் கேட்கவா?”

தர்ஷன் அதைக் காதிலிருந்து பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“பரதேசி! அம்பது வயசாகியும் திருந்தலையேடா நீ!” என்று முஹ்சின் கத்தினார். கத்தும்போதே கண் கலங்கிவிட்டது. காரம் காரணமில்லை, முட்டை இன்னும் அவர் வாய்க்குப் போகவில்லை.

எச்சில் பண்ணிய தைரியத்தில் தர்ஷன் அடுத்ததையும் சொல்லிவிட்டார்.

“போகாதடா.”

முஹ்சின் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “யாராவது ஒருத்தன் இதைச் சொல்வான்னு இருபது நாளாப் பார்த்துட்டு இருந்தேன்டா” என்றார். “அத்தனை பேரும் பூங்கொத்து அனுப்புறானுங்க.”

“உனக்குப் போகணும்னு இல்லையா?”

“எனக்கு எங்கடா இருந்துச்சு? பொண்ணு நிலோவோட பதிலி கூப்பிட்டுச்சு, என்னோடது சரின்னுச்சு, டிக்கெட்டும் வந்துருச்சு. புள்ள ஆசையாக் கூப்பிடுறப்ப...” சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். காலி வண்டி போன திசையைப் பார்த்தார்.

மெதுவாகக் காதிலிருந்த புளியங்கொட்டையை எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டு, கைப்பேசியில் மகளை அழைத்தார். முதல் மணியிலேயே எடுக்கப்பட்டது.

“அத்தா! நீங்க வர்றதுல எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா? உங்க ரூமுக்குப் புதுத் திரைகூடப் போட்டாச்சு!”

“நிலோ, இது நீயா, அதுவா?”

அந்தப் பக்கம் ஏதோ சொடுக்கும் சத்தம். பிறகு ஒரு குழந்தையின் அழுகை, குழாய்த் தண்ணீர், தூக்கம் கெட்ட ஒரு கரகரத்த குரல்.

“அத்தா? பேசுறது நீங்களா, அதுவா?”

“நான்தாம்மா” என்றார் முஹ்சின். மகளோடு நேரே பேசுகிற பழக்கம் பத்து வருடமாக விட்டுப்போயிருந்தது. தர்ஷன் முட்டையை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை நீட்டினார். எச்சில்தான். முஹ்சின் வாங்கி வாயில் போட்டு, மென்று, விழுங்கினார்.

“நிலோ, எனக்கு அங்க வர வேணாம்மா.”

டொரண்டோவிலிருந்து ஒரு நீண்ட மூச்சு கேட்டது. அது நிம்மதியா, வருத்தமா என்று எடுத்துச்சொல்ல இப்போது யார் காதிலும் பதிலி இல்லை.