ஆள் இல்லாத படம்

சங்கரன்கோவில் பக்கம் இப்போதெல்லாம் பெண் வீட்டார் ஜாதகம் கேட்பதில்லை. "பையன் வீட்டு நாய்ப் படம் இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள்.

எல்லாம் உள்ளோவியன் என்ற கருவி வந்த பிறகுதான். செல்லப்பிராணியின் தலையில் ஒரு வலைத்தொப்பியை மாட்டினால் போதும். அது எந்த நேரத்தை நினைத்து மிகவும் மகிழ்கிறதோ, அந்தக் காட்சியைப் பிடித்து, அதற்குள் பிராணியையும் நிறுத்தி, துணியில் வண்ணம் தீட்டித் தந்துவிடும். கூடத்தில் மாட்ட அழகாக ஒரு படம் வேண்டுமென்றுதான் முதலில் எல்லோரும் வரையக் கொடுத்தார்கள். படத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று பார்க்க ஆரம்பித்தது பிறகுதான். நாயின் மனதிலேயே இல்லாதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

செண்பகராமனின் கவலையும் அதுதான். கயத்தாறு காற்றாலைகளில் பழுது பார்ப்பவன். கால்நடை மருத்துவமனை வரிசையில் தெய்வானையைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு வேறு வரன் எதுவும் பிடிக்கவில்லை. அவள் மடியிலிருந்த பட்டாணி என்ற பூனையைப் பார்த்து இவன் நாய் ரவை உறுமியபோது, "உங்க நாய் பேசுது, நீங்கதான் பேச மாட்டேங்கிறீங்க" என்று சிரித்தவள் அவள். அவளுடைய தாய்மாமன் முத்தையா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: படம் பார்த்த பிறகுதான் பேச்சு.

செண்பகராமன் பத்து நாள் விடுப்பு எடுத்தான். ரவைக்குக் கையாலேயே சோறு ஊட்டினான், பந்து எறிந்தான், பக்கத்திலேயே படுத்தான்.

"ஏலேய், பெத்தவளுக்கு ஒரு நாளாவது இப்படி ஒரு வாய் ஊட்டியிருக்கியா?" என்றாள் அம்மா சிவகாமி.

பதினோராம் நாள் படம் வந்தது. வழக்கப்படி, பெண் வீட்டார் முன்னால்தான் திரையை விலக்க வேண்டும். விலக்கினார்கள்.

வெயில் சாய்ந்த தெரு. இரும்புக் கேட். கேட்டுக்கு உள்ளே ரவை, ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி. மனிதர் ஒருவரும் இல்லை.

"மாப்பிள்ளை எங்க?" என்றார் முத்தையா.

"படத்துல... இல்லீங்க" என்றான் செண்பகராமன்.

"அதான் தெரியுதே." அவர் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். செண்பகராமன் ரவையைப் பார்த்தான். பத்து நாள் ஊட்டிய சோறெல்லாம் எங்கே போயிற்று?

"மாமா, கொஞ்சம் இருங்க." தெய்வானை படத்தருகே போய்க் குனிந்தாள். "அத்தை, இவங்க வேலை முடிஞ்சு எத்தனை மணிக்கு வருவாங்க?"

"ஆறு, ஆறரை. தெருமுனையில வண்டிச் சத்தம் கேட்டாப் போதும், இது கேட்டுக்கு ஓடிரும்" என்றாள் சிவகாமி.

"பாத்தீங்களா மாமா? ரெண்டு காதையும் தூக்கிட்டு நிக்குது. ஆள் இன்னும் வரல, சத்தம் வந்திருச்சு. அந்த ஒரு நிமிஷந்தான் இதுக்குப் பெருசு."

"உன் பூனைப் படத்துல மட்டும் நீ நடுநாயகமா நிக்கிறியே?"

"என் கையில கருவாடு இருக்கே மாமா, அதைப் பாக்கலையா?"

முத்தையா சிரித்துவிட்டார். துண்டு மறுபடி நாற்காலிக்கு வந்தது. "தங்கச்சி, காப்பி ஆறிடாதா?" என்று சிவகாமியிடம் கேட்டார்.

செய்தி பரவியது. "ஆள் இல்லாத படம்தான் உசத்தி" என்று தரகர்கள் பேச ஆரம்பித்தார்கள். கல்யாணத்துக்கு நிற்கும் பையன்களெல்லாம், நாய் தங்களுக்காக ஏங்க வேண்டுமென்று, வேலை முடிந்தும் டீக்கடைகளில் உட்கார்ந்து பொழுதைக் கழித்தார்கள். ஊரில் கேட்டுக்குக் கேட் நாய்கள் காத்து நின்றன.

கல்யாணமாகி ஆறு மாதத்தில், ரவையையும் பட்டாணியையும் சேர்த்து ஒரே படமாக வரையக் கொடுத்தார்கள் இருவரும். படம் வந்ததும் தெய்வானைதான் முதலில் திரையை விலக்கினாள்.

ரவை சோபாவில் நாலு காலையும் மேலே தூக்கி மல்லாந்து கிடந்தது. பட்டாணி சாப்பாட்டு மேசைமேல் ஏறிப் பால் பாத்திரத்துக்குள் முகத்தை விட்டிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் வெளிக் கேட்டில் பூட்டு. வீட்டில் மனித வாடையே இல்லை.

"காது தூக்கியிருக்கா பாரு?" என்றான் செண்பகராமன் ஆசையாக.

அவள் குனிந்து நன்றாகப் பார்த்தாள். "ரெண்டுக்கும் தளர்ந்துதான் கிடக்கு."

அந்தப் படத்தையே கூடத்தில் மாட்டினார்கள். இப்போது ஞாயிறு சாயங்காலமானால் இருவரும் கதவைச் சாத்திக் கேட்டைப் பூட்டிவிட்டு, கோயில் வாசலில் பூ வாங்கி, ஊரைச் சுற்றி நிதானமாக நடக்கிறார்கள். பூட்டிய கேட்டை விட்டு நாலடி வைப்பதற்குள்ளேயே, உள்ளே சோபாவில் ஏதோ தொப்பென்று விழும் சத்தம் கேட்கும்.

"மெதுவா நட" என்பாள் தெய்வானை. "அதுங்க சந்தோஷமா இருக்கட்டும்."