வீட்டில் ஒரே ஒரு கோமு

முழங்காலைச் சொறிந்துகொண்டிருக்கும் கை தன்னுடையதுதான் என்று விஜயஸ்ரீக்குச் சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது. அவள் சொறிய நினைக்கவே இல்லை.

தச்சநல்லூர் ஆஸ்பத்திரியின் பகல் வெளிச்சமும், ஸ்பிரிட் வாடையும், வெளியே ஓயாமல் உறுமும் லாரிகளும் மெல்ல மெல்லத் தண்ணீருக்கடியில் போவதுபோல் அமிழ்ந்தன. பிள்ளை பெற்ற நாளிலிருந்து சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தவள் அவள். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்காகக் கெட்டமின் என்ற மயக்க ஊசி போட்ட மறுநாள் மட்டும் எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள். டாக்டர் மந்திரமூர்த்தி அதைப் பிடித்துக்கொண்டார். மனச்சோர்வுக்கே அந்த ஊசியைப் போட்டுப் பார்த்தால் என்ன என்றார். மகளை ஒருநாளாவது ஆசையாகத் தூக்க வேண்டும் என்றுதான் அவளும் கையை நீட்டினாள்.

இப்போது அவள் மேலே இருந்தாள். கூரையை ஒட்டி. கீழே கட்டிலில் அவள் உடம்பு கண்ணைத் திறந்தபடி கிடந்தது.

“பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. பைய வந்துருவாவ,” என்றார் டாக்டர்.

“விஜயஸ்ரீ,” என்றான் கணவன் தாணுமாலையன்.

அந்தப் பெயர் அவளைத் தொடவே இல்லை. மாமியார் பெயரும் கோமு, அவள் பெயரும் கோமு. அம்மா பெயரால் பெண்டாட்டியை எப்படி அதட்டுவது என்று கல்யாணத்தன்று மாற்றி வைத்த பெயர் அது. போன தடவை, ஆபரேஷன் மயக்கம் தெளியும்போது பக்கத்தில் இருந்து கோமு கோமு என்று கூப்பிட்டது அவளைப் பெற்றவள். ஒரு தடவை சொன்னால் போதும், இறங்கிவிடலாம். சொல்லுங்களேன்!

தாணுமாலையனுக்கும் அது தோன்றியது. “அம்மா, பழைய பேரைச் சொல்லிப் பாக்கட்டா?”

“பெத்தவ பேரைச் சொல்லிப் பொண்டாட்டியக் கூப்பிடுவியாலே? நம்ம வீட்டுல ஒரு கோமுதான்.”

அவன் குனிந்தான். “விஜயஸ்ரீ.”

கட்டிலில் கிடந்தது திரும்பியது.

“என்னங்க,” என்றது. எழுந்தது. முந்தானையைச் சரிசெய்தது. மாமியார் மடியிலிருந்த குழந்தையை வாங்கி அணைத்தது. குழந்தை வீரிட்டது.

“தூக்கிப் பழக்கமில்லல்லா, அதான்,” என்றாள் மாமியார், மனம் நிறைந்து.

“இனிமே ஊசியே வேண்டாம்,” என்று டாக்டர் சிரித்தார்.

அது என் பிள்ளை. தொடாதே. கத்தினாள். வாய் கீழே இருந்தது. கோமு, கோமு என்று தன்னைத் தானே கூப்பிட்டாள். யாருக்கும் கேட்கவில்லை. கதவு. செருப்புச் சத்தம். குழந்தையின் அழுகை படியிறங்கிப் போய், தெருவில் சட்டென்று நின்றது.

ஆயா சாரம்மாள் வந்தாள். தரையைத் துடைத்தாள். ஈரம் காயட்டும் என்று ஃபேன் சுவிட்சைப் போட்டாள்.

கோமு இருந்த இடத்தில் இறக்கைகள் சுழலத் தொடங்கின.