உலையில் விழுந்த பந்து வீச்சாளன்

1910, ஜூலை 12, செவ்வாய்க்கிழமை. அலபாமா மாநிலம், பர்மிங்ஹாம் நகரம். காலை ஆறு பத்துக்கு, லார்கின் இரும்பாலையின் இரண்டாம் உலை உச்சியில் ஒரு ஜோடி மரச் செருப்பும், ஒரு தொப்பியும், ஒரு சாப்பாட்டுத் தூக்கும் கிடந்தன.

ஆளைக் காணோம்.

உலையின் வாய் மட்டும் திறந்திருந்தது...

காணாமல் போனவன் ஓட்டிஸ் பிரூயிட். தள்ளுவண்டியில் தாதுவைக் கொண்டுவந்து உலைக்குள் கவிழ்ப்பது அவன் வேலை. சனிக்கிழமை மதியங்களில் ஆலையின் கறுப்பர் பேஸ்பால் அணிக்குப் பந்து வீசுவது அவன் புகழ்.

பிணம் கிடைக்கவில்லை என்று யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. அந்த உலைக்குள் போனால் எலும்புகூட மிஞ்சாது. ஆகவே அன்று வார்த்த இரும்பில் ஒரு பாளத்தைச் சவப்பெட்டியில் வைத்து ஞாயிறன்று அடக்கம் செய்தார்கள். பெட்டியைத் தூக்கிய ஆறு பேரும், உயிரோடு இருந்தபோது ஓட்டிஸ் இத்தனை கனம் இல்லையே என்று முணுமுணுத்தார்கள். போதகர் ஒரு மணி நேரம் பேசினார். பாளம் அமைதியாகக் கேட்டுக்கொண்டது.

அதற்குள் கொலைகாரன் சிறையில் இருந்தான்.

லெமுவேல் ஹாஸ்க்யூ. அதே அணியில் ஓட்டிஸின் பந்துகளைப் பிடிப்பவன். விரலால் அவன் காட்டும் சைகைப்படிதான் ஓட்டிஸ் வீச வேண்டும். ஒரு விரல் என்றால் வேகப் பந்து, இரண்டு என்றால் வளைவுப் பந்து. அதற்கு முந்தைய சனிக்கிழமை ஓட்டிஸ் சைகையை மதிக்காமல் வீசி, ஆட்டம் பறிபோனது. 'உன்னைத் தூக்கி உலையில போட்டுருவேன்டா' என்று லெமுவேல் கத்தியதை நாற்பது பேர் கேட்டிருந்தார்கள்.

துணை ஷெரீஃப் க்ரென்ஷாவுக்கு அது போதும். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி விசாரணை. அதற்கு அப்புறம் தூக்குக் கயிறு.

லெமுவேலின் மனைவி டோவி ஷெரீஃப் அலுவலகத்துக்குப் போனாள்.

"ஐயா, ஓட்டிஸ் ரூம்ல அவன் கையுறை இல்லீங்க."

"எந்தக் கையுறை?"

"பேஸ்பால் கையுறை. தலகாணிக்கு அடியில வச்சுத்தான் தூங்குவான். அதைக் காணோம்."

"கையில போட்டிருந்திருப்பான்."

"தாது தள்ளுறதுக்கா?"

க்ரென்ஷா சுருட்டைப் பற்றவைத்தார். "இங்க பாரு. உன் புருஷன் நாப்பது பேர் முன்னால சொல்லிட்டு, சொன்னபடியே செஞ்சிருக்கான். இவ்வளவு நேர்மையான கொலைகாரனை என் சர்வீஸ்ல பார்த்ததில்லை. வீட்டுக்குப் போ."

டோவி வீட்டுக்குப் போகவில்லை.

பக்கத்து ஊரான பெஸ்ஸெமரில் இருந்த டாகெட் எஃகாலை அணிக்கு, ஜார்ஜியாவிலிருந்து சாம் டீல் என்று ஒருவன் வந்திருக்கிறானாம். தாடிக்காரன். அவன் பந்தை எவனாலும் தொட முடியவில்லையாம். துணி வெளுக்கும் இடத்தில் இதைக் கேட்ட டோவி, வாளியைக் கீழே வைத்தாள்.

பிறகு லார்கின் ஆலையின் மேலாளர் மெரோவைப் போய்ப் பார்த்தாள். சாம் டீலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முப்பதாம் தேதி டாகெட் அணியோடு ஆட்டம் இருக்கிறதே, பந்து பிடிப்பவன் சிறையில் இருக்கிறானே என்று மட்டும் கவலைப்பட்டாள்.

மெரோ உடனே க்ரென்ஷாவிடம் தொலைபேசியில் பேசினார். தூக்கில் போடுவதைப் பற்றித் தமக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் சனிக்கிழமை ஆள் வேண்டும் என்றார்.

ஜூலை 30. மதியம் மூன்று மணி.

லெமுவேல் மைதானத்துக்கு வந்தான். பந்து பிடிக்கும்போது விலங்கைக் கழற்றினார்கள். தன் அணி மட்டை பிடிக்கும்போது மறுபடி மாட்டி, க்ரென்ஷாவுக்குப் பக்கத்தில் பலகையில் உட்காரவைத்தார்கள்.

எதிரில் தாடிக்காரன் பந்தை எடுத்தான்.

லார்கின் அணியின் அத்தனை பேருக்கும் அவன் யாரென்று ஒரே நொடியில் தெரிந்துவிட்டது. அத்தனை பேரும் வானத்தைப் பார்த்தார்கள்.

காரணம் இருந்தது. ஜனவரியில் வேலை ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவன் டிசம்பர் வரை ஆலையை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் கைதியாகி நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போவான். செத்தவனை மட்டும்தான் யாரும் தேடுவதில்லை.

லெமுவேலும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே... விலங்கு மாட்டிய கை, முழங்கால்களுக்கு நடுவே தானாக இரண்டு விரல்களை நீட்டியது.

வளைவுப் பந்து வந்தது.

ஒரு விரல்.

வேகப் பந்து.

மறுபடி இரண்டு. தாடிக்காரன் தன் அணிக்காரனின் சைகைக்குத் தலையை மறுத்து ஆட்டிவிட்டு, பலகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்து, வளைத்து வீசினான்.

க்ரென்ஷாவின் வாயிலிருந்து சுருட்டு விழுந்தது.

"ஏன்டா... எதிர் டீம்காரன் எதுக்கு உன் விரலைப் பார்த்து வீசுறான்?"

ஆட்டம் நின்றது. தாடிக்காரனை இழுத்து வந்தார்கள். மெரோ ஓட்டிஸின் முகத்தை இரண்டு வருஷத்தில் ஒருமுறைகூடக் கவனித்ததில்லை. பந்து வீசும் வலது கையைப் பார்த்தார். அந்தக் கையை அவருக்கு நன்றாகத் தெரியும். முகம் சிவந்தது.

"மெரோ சார், இவன் உங்க ஓட்டிஸா?"

மெரோ பதில் சொல்லுமுன் டோவி அவர் காதருகே வந்தாள்.

"ஆமான்னு சொன்னீங்கன்னா இவன் சுரங்கத்துக்குப் போவான். இல்லைன்னா என் புருஷன் தூக்குக்குப் போவான். அப்புறம் செப்டம்பர் கோப்பைக்கு யாரு வீசுறது, யாரு பிடிக்கிறது, நீங்களாய்யா?"

மெரோ மூன்று நிமிடம் யோசித்தார். ஆலையை நடத்துவதற்கே அவர் அவ்வளவு யோசித்ததில்லை.

"இவன் ஓட்டிஸ்தான். ஓடிப்போகலை. டாகெட் அணிக்கு நான்தான் இரவல் கொடுத்தேன். மறந்துட்டேன்."

"அடக்கத்துக்கு மாலை அனுப்பினீங்களே?"

"மரியாதைக்கு அனுப்பினேன்."

க்ரென்ஷாவுக்கு எழுத்தில் வேண்டும். மெரோ எழுதினார். டோவி எட்டிப் பார்த்தாள். தன் புருஷனும் நாளைக்கு இப்படி மாட்டக் கூடாது, அவன் பெயரையும் சேர்த்து, தனக்கும் ஒரு பிரதி கொடுங்கள் என்று பணிவாகக் கேட்டாள். ஆட்டம் தாமதமாகிக்கொண்டிருந்த எரிச்சலில் மெரோ இரண்டு பிரதிகளிலும் கையெழுத்துப் போட்டார்: ஓட்டிஸ் பிரூயிட், லெமுவேல் ஹாஸ்க்யூ இருவரும் வேறு எந்த அணிக்குப் போய் விளையாடவும் ஆலைக்குச் சம்மதம்.

எது வரை என்று எழுதவில்லை.

ஓட்டிஸ் திங்கட்கிழமையே உலைக்குத் திரும்பினான். செருப்பைக் கழற்றி வைத்தது கைதேர்ந்த வேலை என்று லெமுவேல் பாராட்டினான். 'அதுக்கு நான் தொங்கியிருப்பேன்டா, நாயே' என்றும் சேர்த்துக்கொண்டான்.

செப்டம்பர் 5, தொழிலாளர் தினம். கோப்பை ஆட்டம். காலையில் இரண்டு பேரையும் காணோம். டோவியையும் காணோம். மூவரும் சிகாகோ ரயிலில் ஏறினார்கள் என்றான் ஒரு போர்ட்டர். அங்கே ஒரு கறுப்பர் அணிக்கு ஆள் தேவைப்பட்டதாம். ரயில் நிலையத்தில் மறித்த காவலரிடம் டோவி ஒரு காகிதத்தைக் காட்டியிருக்கிறாள். அவர் படித்துவிட்டு, பெட்டியை ஏற்றிவிட்டிருக்கிறார்.

அன்று லார்கின் அணிக்குப் பந்து வீசியவர் ஆலையின் சமையல்காரர்.

பதினொன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள்.