கட்டிலுக்கடியில் தீனி

கிராம்பு எண்ணெயில் நனைத்த பஞ்சு வைத்த டப்பா இன்னும் எங்கும் ஒளித்துவைக்கப்படாமல் அவள் கைப்பையில்தான் இருந்தது. அதற்குள்ளாகவே நாய் அதைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னது.

மகனின் அறையில், பழைய மெத்தையின் ஈரவாடையும் மூடியே கிடந்த ஜன்னலின் தூசியும் கலந்த மங்கலில், காலிக் கட்டிலுக்கு எதிரே அது முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, மூக்கைக் கட்டிலுக்கடியில் நீட்டியபடி அசையாமல் இருந்தது. தேடிய மணம் கிடைத்தால் அப்படித்தான் உட்காரப் பழக்கியிருந்தாள். ஒல்லிப்பிச்சான் நாய், பெயர் என்னவோ குண்டன். மகன் வைத்த பெயர். அவன் காய்ச்சலில் போனதிலிருந்து அவள் மரத்துப்போயிருந்தாள். ஒரு சொட்டு அழுகை வரவில்லை. சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று கணவன்தான், ஒளித்துவைத்த மணத்தைத் தேட நாயைப் பழக்கும் இந்த மோப்ப விளையாட்டு வகுப்பில் சேர்த்துவிட்டான்.

வகுப்பு நடத்தும் அக்காவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள்.

"டப்பா புதுசுதானே?"

"இல்லக்கா. பையனோட கிரேயான் டப்பா."

"அட கடவுளே! புது டப்பா வாங்கு, கையுறை போடுன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே. நாய் கிராம்பைக் கத்துக்கல, உன் பையன் வாசனையத்தான் கத்துக்கிட்டிருக்கு. தூக்கிப் போட்டுட்டு முதல்லேருந்து ஆரம்பி."

அவள் தூக்கிப் போடவில்லை. டப்பாவைக் கைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். மனுஷங்கதான் பொய் சொல்வார்கள், நாய்க்கு என்ன தலையெழுத்து? குண்டன் உட்கார்ந்தால் பையன் அங்கே இருக்கிறான். அப்புறம் எப்படி, கணவன் முடிவு செய்தபடி, இந்த வீட்டைக் காலி செய்வது?

மணம் இருக்கும் இடத்திலேயே தீனி வைக்க வேண்டும்; கையிலிருந்து வருவதாக நாய் நினைக்கக் கூடாது. வகுப்பின் முதல் பாடம் அது. வேகவைத்த கோழித்துண்டு ஒன்றைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். வகுப்பில் லபக்கென்று விழுங்குகிற நாய் தலையைக்கூடத் தாழ்த்தவில்லை. சமையலறை போய்த் திரும்பியபோது துண்டு இல்லை. குண்டன் அதே இடத்தில். ஏக்கத்தில் எச்சில் தரைவரை ஒழுகியிருந்தது.

தினமும் மத்தியானம் வைத்தாள். தினமும் காலியானது. பையனுக்குக் கோழி பிடிக்காது, தட்டில் ஒதுக்கிவிடுவான் என்பது ஞாபகம் வந்தபோது வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

வீடு மாறும் நாள் வந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. கீழே வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த கணவன் கத்தினான்.

"ஏய், இன்னும் அங்க என்ன பண்ற? எல்லாம் ஏத்தியாச்சு. அந்தக் கட்டில் மட்டும்தான் பாக்கி!"

"இதோ வரேன். ஒரே நிமிஷம்."

குண்டன் உட்கார்ந்திருந்தது. அவள் தரையில் குப்புறப் படுத்தாள். கன்னத்தில் சிமெண்டின் குளிர். இன்று துண்டைத் தள்ளவில்லை. உள்ளங்கையில் வைத்தபடி கையை உள்ளே நீட்டினாள்.

"வாடா கண்ணா. அம்மாகூட வந்துடு."

மழைச் சத்தம். நாயின் மூச்சு. உள்ளேயிருந்து இன்னொரு மூச்சு.

கிரேயான் வாசனை வந்தது. அதற்கடியில் வேறொரு வாடை. ஊறிப்போன தோல் மாதிரி.

விரல்கள் பட்டன. சில்லென்று. மெதுவாகத் தடவின. துண்டை எடுத்துக்கொண்டன.

பிஞ்சு விரல்களுக்காகக் காத்திருந்தாள்.

பிஞ்சு இல்லை. அவள் கையைவிடப் பெரிய கை. நகம் நீண்ட கை. மெல்லும் சத்தம் கேட்டது. நின்றது. கை திரும்ப வந்தது. வெறும் உள்ளங்கையைத் துழாவியது. பிறகு மணிக்கட்டைப் பிடித்தது.

இத்தனை மாதம் வராத அழுகை வந்தது. குரல்தான் வரவில்லை.

"வர்றியா இல்லையா?" கீழேயிருந்து கணவன்.

தோள்வரை உள்ளே போய்விட்டிருந்தாள். குண்டன் அசையாமல் உட்கார்ந்திருந்தது, தன் பங்குக்காக.