திரும்பி நிற்கும் குதிரைகள்

எதிர் நாற்காலி காலி. ஆனால் சதுரங்கப் பலகையில் கறுப்புக் குதிரைகள் இரண்டும் பின்பக்கம் திரும்பி நின்றன.

ஹயேத் உட்காராமல் பார்த்தாள். கடலோர ஜர்ஸீஸ் ஊரில் குதிரையை அப்படி வைக்கிறவன் ஒருவன்தான். "வீட்டுக்கு வர்ற வழிய அது பாத்துக்கிட்டே இருக்கட்டும்க்கா" என்பான் தம்பி வஜ்தி. போன கோடையில் இத்தாலிக்குப் படகு ஏறினான். படகு போய்ச் சேரவில்லை. இருக்கிறானா, செத்தானா, எந்த அலுவலகமும் வாயைத் திறந்து சொல்லித் தொலைக்கவில்லை. அம்மா இன்னும் வாசலைத் தாழிடுவதில்லை. உயிரோடோ பிணமாகவோ அவனை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஹயேத்துக்கு வேறெதுவும் வேண்டாம். மீனவர்கள்தான் ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள்: கடலில் ஊறிக் கிடந்தவனைக் கையைப் பிடித்து இழுக்காதே, அக்குளில் பிடி.

"கறுப்புக்காரன் இன்னும் வரல. நீ ஆடிட்டுக் கடிகாரத்தத் தட்டு," என்றார் ஊரே மரியாதையாக 'சி' சேர்த்து அழைக்கும் நடுவர் லஸ்ஸாத். "வராமலே போனா, இந்தப் போட்டியில நீ ஜெயிக்கிற மொத ஆளு அவன்தான்."

ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளித் தட்டினாள். கூடம் முழுக்கக் கடிகாரங்கள் துடித்தன. சன்னல் வழியே செக்கில் அரைபடும் ஒலிவக் காயின் காரநெடி வந்து நின்றது, அதற்கு அடியில் மெல்ல மெல்லக் கடற்பாசி அழுகும் வாடை ஏறியது. தலை நிமிர்ந்தாள். கறுப்பின் ஓரச் சிப்பாய் ஒரு கட்டம் நகர்ந்திருந்தது. கடிகாரம் அவள் பக்கம் ஓடியது.

வஜ்தியின் தொடக்கம். நடுக்களத்தை விட்டுவிட்டு ஓரத்தில் என்னடா பண்ணுகிறாய் என்று ஊரே சிரித்தும் அவன் விடாத தொடக்கம்.

"ரெண்டு பக்கமும் நீயே ஆடுறியா? வீட்டுக்குப் போக அவ்ளோ அவசரமா?"

"நான் தொடல, சி லஸ்ஸாத்."

ராணியின் சிப்பாயைத் தள்ளினாள். ஓரத்துக்கு அடுத்த சிப்பாய் இரண்டு கட்டம் வந்தது. அதன் அடியில் நீர். தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

இனி ஆடக் கூடாது. ஆட்டம் முடியாதவரை வஜ்தி எழுந்து போக மாட்டான். கைகளைத் தொடைக்கடியில் அமுக்கிக்கொண்டாள். எதிர் நாற்காலி முனகியது. சொட்டு. இன்னொரு சொட்டு.

சி லஸ்ஸாத் கடிகாரத்தை நிறுத்தினார். "அவன் வர்றதுக்கான கெடு முடிஞ்சுது. ஆட்டம் உனக்கு."

"நிறுத்தாதீங்க. கொஞ்ச நேரம்."

"யாரோட ஆடப் போறே? காத்துக்குக் கை குடுத்துட்டுக் கெளம்பு."

பலகைக்கு மேலே கையை நீட்டினாள்.

பிடித்தது. குளிர்ச்சி. மணிக்கட்டில் நூல். அம்மா கட்டிய முடிச்சு.

பிடி தளர்ந்தது. போகிறான்.

மீனவர்கள் சொன்னது நினைவிருந்தது. ஆனாலும் கையைப் பிடித்தே இழுத்தாள்.

கை வந்தது. வஜ்தி வரவில்லை.